கூடப் படித்தவள்

அங்கம்மா வாசற்படியில் குறுக்கே நின்றுகொண்டாள்.

உள்ளே பலகைக் கட்டிலில் அவள் புருஷன் காளியப்பன் குளிர்காய்ச்சலில் கிடந்தான். இரண்டு சாக்கைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. ஆற்று வெள்ளம் வடிந்ததிலிருந்து தோட்டக் கூலிகளின் லயத்தில் வீட்டுக்கு ஒருவர் இப்படித்தான் கிடந்தார்கள்.

லயத்தின் அந்தக் கோடியில் துரை வந்துகொண்டிருந்தார். முன்னால் கங்காணி தங்கராஜு. துரையின் ஒரு கையில் பிரம்பு, மறு கையில் சங்கிலி. சங்கிலியின் முனையில் நாய்.

காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் வந்து நிற்காதவர்களைத் தேடித்தான் வருகிறார்கள் என்று லயத்துக்கே தெரியும்.

நிஜமாகவே காய்ச்சலா என்று துரை யாரையும் கேட்பதில்லை. நாயை அவிழ்த்துவிடுவார். எழுந்து ஓடுகிறவன் சோம்பேறி, ஓட முடியாமல் கடிபடுகிறவன் நோயாளி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். சின்னத்தம்பியின் கெண்டைக்கால் சதை போனது அப்படித்தான். அவன் இன்னும் நொண்டுகிறான்.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கம்மாவுக்கும் பயம்தான். பயந்துகொண்டேதான் நின்றாள். கையில் கத்தி இல்லை, கட்டை இல்லை. வாயில் கொஞ்சம் இங்கிலீஷ் இருந்தது.

அது பங்களாவுக்குக் களை பிடுங்கப் போன இடத்தில் படித்தது.

சாயங்காலமானால் துரை அங்கே புல்தரையில் பாடம் நடத்துவார். சீமைச் சண்டையில் பட்டாளத்தை நடத்தியவர். பாடமும் பட்டாளம் மாதிரியே இருக்கும். படிக்கிறவள் புளோரா. சரியாகச் செய்தால் பிஸ்கோத்து, தப்பினால் முதுகில் பிரம்பு. செம்பருத்திச் செடிக்கு அடியில் குந்தியிருந்தவளும் சேர்ந்து படிக்கிறாள் என்பது துரைக்குத் தெரியாது. களை பிடுங்குகிறவளுக்குக் காது இருக்கும் என்று அவர் ஏன் நினைக்கப் போகிறார்.

'கெட் அப்' என்பார், புளோரா எழுந்திருப்பாள். 'கெட் டவுன்' என்பார், நாற்காலியிலிருந்து இறங்குவாள். 'கம் ஆன்' என்றால் கூடவே வர வேண்டும். 'கம் பேக்' என்றால் போனவள் திரும்ப வேண்டும்.

அங்கம்மாவுக்கு முதலில் தலை சுற்றியது. எல்லாம் அதே கெட், அதே கம். பிறகு பிடிபட்டது. முன்னால் வருகிற பெரிய சொல் கங்காணி மாதிரி, சும்மா சத்தம் போடும். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொல்தான் துரை. எழுவதா, இறங்குவதா, போவதா, வருவதா என்பதெல்லாம் அதன் கையில். அதை இழுத்துச் சொன்னால் மரியாதை இல்லை. பட்டென்று விட வேண்டும்.

துரை சிகாமட் டவுனுக்குப் போகிற நாட்களில் அங்கம்மா படித்ததையெல்லாம் புளோராவிடம் சொல்லிப் பார்ப்பாள். தப்பாக வந்தால் புளோரா அசையாமல் அவள் முகத்தையே பார்ப்பாள். சரியாக வந்தால் அங்கம்மா தன் கஞ்சிக்கு வைத்திருந்த கருவாட்டில் பாதியைக் கொடுப்பாள். பிஸ்கோத்தைவிட அதுதான் புளோராவுக்குப் பிடித்திருந்தது. ஒரு நாளும் துரையிடம் காட்டிக்கொடுத்ததில்லை.

கங்காணி வாசலுக்கு வந்துவிட்டான்.

"அங்கம்மா, வழிய வுடு. தொர கோவமா இருக்காரு, சொல்லிட்டேன்."

அவள் நகரவில்லை. தோட்டத்தை விட்டே துரத்துவார்கள் என்று தெரியும். துரத்தட்டும். காய்ச்சல்காரனை நாய்க்குக் கொடுத்துவிட்டு இந்தத் தோட்டத்தில் என்ன பிழைப்பு வேண்டியிருக்கிறது.

துரை குனிந்து சங்கிலியைக் கழற்றினார். "கோ ஆன்" என்றார்.

கங்காணி சுவரோடு ஒட்டிக்கொண்டான். நாய் பாய்ந்து வந்தது.

அங்கம்மா வாயைத் திறந்தாள். துரையின் குரலைப் போல அதட்டவில்லை. தன் குரலிலேயே, பட்டென்று சொன்னாள்.

"ஸிட் டவுன், புளோரா."

நாய் உட்கார்ந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் முகத்தைப் பார்த்து வாலை ஆட்டியது.

துரை "கெட் அப்" என்று கத்தினார். நாய் திரும்பி அவர் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தது. பிறகு அங்கம்மாவின் காலடிக்கு நகர்ந்து, முன்னங்கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டது.

"கம் பேக்" என்றார். இந்த முறை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிருஷ்ணம்மா வெளியே வந்து நின்றாள். சின்னத்தம்பி நொண்டிக்கொண்டே வந்து நின்றான். துரையின் கழுத்து சிவந்தது. பிரம்பைப் பாதி தூக்கினார், இத்தனை பேரைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். திரும்பி லயத்துக் கோடிக்கு நடந்தார்.

கங்காணிக்குத்தான் பொறுக்கவில்லை. இங்கிலீஷை எங்கே படித்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"தொரகிட்டதான்." அங்கம்மா குனிந்து நாயின் தலையைத் தடவினாள். "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சோம்."

அந்தக் கோடியில் துரை வெறும் சங்கிலியோடு நாய்க்காகக் காத்து நின்றார்.

அங்கம்மா பார்த்தாள். அவசரப்படவில்லை. உள்ளே போய்க் காளியப்பனை நிமிர்த்தி உட்காரவைத்து, நாலு வாய் கஞ்சி கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

பிறகுதான் வாசலுக்கு வந்து, 'கெட் அப்' என்றாள்.