நாலாம் நம்பர் வீட்டு நாய்

“எங்கே ஆதாரம்?”

தையல்காரம்மா நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேட்டுவிட்டார் அந்த மனிதர்.

தேசிய இடப்பெயர் வாரியத்தில் மூன்று பேர். நடுவில் தலைவர்; கண்ணைத் திறந்துகொண்டே தூங்கக் கூடியவர். வலப்பக்கம் பேராசிரியர்; பேசினால் தேன் சொட்டும். இடப்பக்கம் இந்த ‘எங்கே ஆதாரம்?’, ஓய்வுபெற்ற நில அளவையர். மாதத்தில் பாதி நாள் ஊர் ஊராக ஆய்வுக்குப் போகிறவர். சிரித்தால் அபராதம் என்று யாரோ மிரட்டி வைத்ததுபோல ஒரு முகம்.

இடத்துக்குப் பெயர் வைக்கத்தான் வாரியம் வேண்டும். ஆளுக்குப் பெயர் வைக்கத் தையல்காரம்மா ஒருத்தி போதும். பார்த்ததுமே வைத்துவிட்டாள், ‘இரும்பு ஸ்கேல்’ என்று.

“ஐயா, எங்க குடியிருப்புல நாற்பத்திரண்டு வீடு. முப்பது வருஷமா ஒரே பேரைத்தான் சொல்றோம். ஆனா அது உங்க வரைபடத்துல இல்லை. மருமகளுக்கு வலி எடுத்து ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணா, ‘அப்படி ஒரு இடமே பட்டியல்ல இல்லையேம்மா’ன்னு வெச்சுட்டாங்க. பேரன் காய்கறி வண்டியில பொறந்தான், முட்டைக்கோஸ் மூட்டை மேல!”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, உங்கள் வலி என் வலி. பெயர் என்பது ஒரு சமூகத்தின் மூச்சு அல்லவா?”

ஸ்கேல் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “விதி ஒன்பது. குடியிருக்கிறவங்க சொன்னா மட்டும் பத்தாது. வெளியூர்க்காரங்களும் அந்தப் பேரைப் புழங்கணும். அந்தப் பேர் எழுதி, வெளியூர் தபால் முத்திரையோட வந்த உறை இருக்கா? குறைஞ்சது முப்பது?”

“எங்களுக்கு யாருங்க ஐயா கடுதாசி போடப்போறாங்க?”

“அப்போ பேர் கிடையாது.”

தலைவர் ஓட்டுக்கு விட்டார். மூச்சு, சமூகம் என்றெல்லாம் உருகிய பேராசிரியரின் கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

“விதி என்று ஒன்று இருக்கிறதே அம்மா...”

‘பெத்த பிள்ளை அப்பான்னு கூப்பிட்டாலும் ஆதாரம் கேக்கிற ஆளு!’ ஸ்கேலைத் திட்டிக்கொண்டே படியிறங்கினாள் தையல்காரம்மா.

ஒரு வருடம் கழித்து மறுபடி வந்தாள். மருமகளுக்கும் மறுபடி எட்டு மாதம்.

துணிப்பையைக் கவிழ்த்தாள். மேசை முழுக்க உறைகள்.

“முப்பத்தாறு. எண்ணிக்கோங்க.”

எப்படி வந்தன என்று அவளுக்கே தெரியாது. இரண்டு மாதம் போனதும் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. உறைமேல் வீட்டு எண், கீழே கொட்டை எழுத்தில் குடியிருப்பின் பெயர். உள்ளே இருந்ததோ, படித்தவர்களுக்குச் சிரித்தே வயிறு வலித்தது. முடிதிருத்துபவரின் நாலாம் நம்பர் வீட்டுக்கு, ‘தங்கள் நாய் குட்டி போட்டதா? எத்தனை?’ தெருமுனையைத் தாண்டாத கிழவருக்கு, ‘வெளிநாட்டுப் பயணம் இனிதே முடிந்ததா?’ மற்றவர்களுக்கு, ‘இங்கே மழை. அங்கே?’

“எவனோ மறை கழண்ட கேஸு” என்று குடியிருப்பே முடிவு கட்டியது. தையல்காரம்மா மட்டும் உறைகளைச் சேர்த்து வைத்தாள்.

ஸ்கேல் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இந்த முத்திரை மங்கல். அனுப்புநர் முகவரி கிடையாது. பொறுப்பில்லாத ஆளு.”

“எல்லாம் ஒரே கையெழுத்து மாதிரி இருக்கே?” என்று திடீரென விழித்தார் தலைவர்.

“விதி ஒன்பது முத்திரையைத்தான் பாக்கச் சொல்லுது. கையெழுத்தை இல்லை” என்று ஸ்கேல் வெட்டினார்.

“சரி, உள்ளே இருந்த கடுதாசி?” என்று கேட்டார் தலைவர்.

“அதை அவங்கவங்க வீட்டுல வெச்சுக்கிட்டாங்கய்யா. இங்க வந்தது உறை மட்டும்தான்” என்றாள் தையல்காரம்மா.

“உறை போதும்” என்றார் ஸ்கேல்.

இந்த முறை மூன்று கைகளும் உயர்ந்தன. முதலில் உயர்ந்தது பேராசிரியருடையது.

தாழ்வாரத்தில் அவரை ஓடிப்போய்ப் பிடித்தாள் தையல்காரம்மா. “ஐயா, உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கடுதாசியெல்லாம் நீங்கதானே போட்டீங்க?”

பேராசிரியர் ஒரு நொடி விழித்தார். ஒரே நொடிதான்.

“ஏதோ நம்மால் ஆனது அம்மா. வெளியில் சொல்லிவிடாதீர்கள்.”

“நீங்க மட்டும் இல்லேன்னா அந்த மனுஷன்கிட்ட...”

“அவர் அப்படித்தான். நெஞ்சில் ஈரமே இல்லாதவர்.” தேன் சொட்டச் சொட்டச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

பஸ் நிறுத்தத்தில் ஸ்கேல் நின்றிருந்தார். கையில் பயணப் பை, கக்கத்தில் குடை. தையல்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார். “இந்தாம்மா...”

“என்னங்க? இன்னும் ஏதாவது ஆதாரம் வேணுமா?”

“அதில்லை. அந்த நாலாம் நம்பர் வீட்டு நாய் குட்டி போட்டுச்சா?”

தையல்காரம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

“நாலாம் நம்பர்ல... நாயே இல்லையேங்க ஐயா.”

“இல்லையா?” பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எதையோ கோடு போட்டு அடித்தார். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

“சரி. அடுத்த கடுதாசியில பூனைன்னு திருத்திடறேன்.”