பதினோரு பட்டாணி

வாளித் தண்ணீரின் மேல் படிந்த பனிக்கட்டி, காலை வெயிலில் ஓரம் கரைகிறது. சமையலறைக்குப் பின்னால், மக்கிய இலை உரம் போட்ட பாத்தியில் கடிகாரம் ரிப்பேர் செய்பவர் மண்டியிட்டிருக்கிறார். வலது கண்ணில் கடையில் மாட்டிக்கொள்ளும் லென்ஸ், கையில் சின்ன இடுக்கி. முதலில் விதைத்ததெல்லாம் பனியில் அழுகிப்போக, மிஞ்சிய பதினோரு பட்டாணியை அவர் மனைவி பத்து நாளைக்கு முன்தான் ஊன்றினாள். இதுவும் போனால் இந்த வருஷம் கொடியே இல்லை. கடிகாரத்தின் முதுகைத் திறப்பதுபோல அவர் மண்ணை மெல்ல விலக்குகிறார். “மறுபடியும் நோண்டறீங்களா?” பின்வாசலில் அவள், கையில் உரக்குழிக்கான காய்கறித் தோல் கிண்ணம். “தினம் தோண்டிப் பாத்தா எந்த விதைதான் உருப்படும்? இதென்ன கடிகாரமா, சாவி கொடுத்தா ஓடறதுக்கு?” அவர் திரும்பவில்லை. “கத்தாதே. ஓடுது.” பட்டாணியின் தோல் வெடித்து, விநாடி முள்ளைப் போல மெல்லிய வெள்ளை வேர் ஒன்று கீழ்நோக்கி நீண்டிருக்கிறது. அவள் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு, ஈரமண்ணில் முழங்காலிட்டு, அவர் கண்ணிலிருந்து லென்ஸைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதைத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு வேரின்மேல் குனிகிறாள். வாளியில் பனிக்கட்டி மெல்ல விரிசல் விடும் சத்தம் கேட்கிறது. “சரி, மூடுங்க. அதுக்குக் குளிரப்போகுது” என்கிறாள். அவர் மண்ணைத் தள்ளி மூடுகிறார். அவள் எழுந்திருக்கவில்லை, லென்ஸையும் கொடுக்கவில்லை. “பக்கத்துல இருக்கறதையும் ஒரே ஒரு தடவை...”