மூடி வைத்த கணினிகள்

முத்தம்மா கடைசி மடிக்கணினியையும் மூடி, அதன் முதுகில் சந்தனம் தொட்டு, குங்குமம் வைத்தாள்.

மேசைமேல் சரஸ்வதி படம். அதன் முன்னால் துறையின் எல்லாக் கணினிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக. பக்கத்துத் தட்டில் பேராசிரியர் கல்யாணராமனின் செல்பேசி. அதற்கும் ஒரு பொட்டு.

"காபி மிஷினுக்கு ரெண்டா வைங்கக்கா," என்றாள் ஆய்வு மாணவி ஷ்ரேயா. "இங்க ஒழுங்கா வேலை செய்யறது அது ஒண்ணுதான்."

ஆயுத பூஜைக்கு நாளை விடுமுறை. அதனால் அடையாறின் அந்த ஆய்வு நிறுவனத்தில் இன்று மதியமே பூஜை. பொட்டு வைத்ததும் கற்பூரம் காட்டி முடித்தார்கள். இனி விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது.

தமிழ்நிலா பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

அவளுடைய ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. இன்னும் ஓராண்டு நீட்டித்தால் முனைவர் பட்ட ஆய்வை முடித்துவிடுவாள். இல்லையென்றால் மூன்று வருட உழைப்பு பாதியில் நிற்கும். "பூஜை முடியட்டும், சொல்றேன்," என்றிருந்தார் கல்யாணராமன்.

பூஜை முடிந்துவிட்டது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, பொரியில் கிடந்த பொட்டுக்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தார்.

கணினிகளை மூடியபிறகு அறை வேறு அறைபோல் இருந்தது. அடுக்கின் இடுக்குகளில் சின்னச் சின்ன விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன, தூங்குகிறவர்கள் மூச்சு விடுவதுபோல.

அவள் கையில் செல்பேசி அதிர்ந்தது.

மின்னஞ்சல். கல்யாணராமனிடமிருந்து.

'உன் ராஜினாமாவை வருத்தத்துடன் ஏற்றுக்கொள்கிறேன்.'

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கையில் பொரிதான் இருந்தது.

திரையைக் கீழே தள்ளினாள். அதற்கு முன்பு போன கடிதமும் இருந்தது. அனுப்பியவர் தமிழ்நிலா. அனுப்பியது, எல்லோரும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த நேரம்.

அப்போதுதான் உதவியாளர்களின் நினைவு வந்தது.

மாறிவரும் காலத்துக்கு ஏற்ப அலுவலகங்களும் கல்லூரிகளும் எப்படித் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் துறையின் ஆய்வு. ஊருக்குச் சொல்லும் முன் நாமே மாறிக் காட்ட வேண்டாமா என்று, ஜூன் மாதம் ஆளுக்கொரு மென்பொருள் உதவியாளரை ஏற்பாடு செய்தார் கல்யாணராமன். எழுதியது, எழுதி அழித்தது எல்லாவற்றையும் அது படிக்கும். ஆள் விடுப்பில் போனால், அவர் எழுதுவதுபோலவே கடிதம் எழுதும்.

வேலை நேரத்தில் கணினி மூடியிருந்தால் ஆள் விடுப்பில் என்று அதற்கு அர்த்தம். பூஜைக்காகவும் மூடுவார்கள் என்று யாரும் அதற்குச் சொல்லிவைக்கவில்லை.

அவள் தன் கடிதத்தைப் படித்தாள். அவள் எழுதுகிற மாதிரியேதான் இருந்தது. தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வருகிற அந்த நடைகூட.

நடுவில் ஒரு வரி.

'காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் நேராக உள்ளே வருவதில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, வீடு இருக்கும் பெரும்பாக்கத்துக்குத் திரும்பிப் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எங்கும் எழுதியதில்லை. எழுதி அழித்ததும் இல்லை.

செல்பேசியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினாள்.

"நான் எதையும் அனுப்பலையேம்மா," என்றார். "போன்கூட பூஜைலன்னா இருக்கு."

"நானும் அனுப்பல சார்."

அவர் சிரித்துவிட்டார். "நல்ல கூத்து. ரெண்டும் தங்களுக்குள்ளயே பேசி முடிச்சுண்டுடுத்தா? விஜயதசமி அன்னிக்கு எடுத்துச் சரி பண்ணிடலாம்."

"இன்னிக்கே பண்ணணும் சார். இன்னியோட முடியுது."

அவர் பொட்டலத்துக்குள் கடலை தேடினார்.

கணினியைத் திறந்தால் உதவியாளர் ஒதுங்கிக்கொள்ளும். அவள் மேசைக்குப் போய் அடுக்கிலிருந்து தன்னுடையதை உருவினாள்.

"இன்னாமா பண்றே?" முத்தம்மா பதறினாள். "வுட்டுடு. சாமி படிச்சிக்கினு கீது."

யாரோ சிரித்தார்கள். தமிழ்நிலா திறந்தாள். விரலில் ஒட்டிய குங்குமம் எழுத்து விசைகளின்மேல் பட்டது.

'அந்தக் கடிதம் என்னுடையது அல்ல, சார். நான் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன்.'

அனுப்பினாள். விரலை எடுப்பதற்குள் பதில் வந்தது.

கல்யாணராமனின் கணினி அடுக்கின் அடியில், பொட்டு கலையாமல் மூடியே இருந்தது.

'இப்படி ஒரு கடிதம் வரும் என்று நீயே எழுதியிருந்தாய், நிலா. வந்தால் நம்ப வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாய். வெகுநாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாய். பயத்தில் அதிலிருந்து நீ பின்வாங்குவதற்கு நான் துணைபோக மாட்டேன்.'

அவளுடைய கடிதத்தின் கடைசிப் பத்திக்குப் போனாள். அப்படித்தான் எழுதியிருந்தது.

"சார், உங்களோடதையும் திறங்க. ஒரு வரி எழுதினா போதும்."

அவர் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

தன் பெயரில் வந்த பதிலைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து, உதடுகள் மெல்ல அசையப் படித்தார்.

அவர் சிரிப்பார் என்று அவள் காத்திருந்தாள்.

ஒரு வாரமாக அவளைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்ட முகம், இப்போது நேராக அவளைப் பார்த்தது. அதில் பெரிய நிம்மதி இருந்தது.

"நன்னா சொல்லியிருக்கேன்," என்றார்.