பெரிய டிரம் இருக்கும் பக்கம்

மறுபடியும் பார்த்தாள்.

அவன் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். ஐந்து மணிக்கு வகுப்பு தொடங்கியதிலிருந்து இது பதினொன்றாவது தடவை.

அவன் கைகள் இரண்டும் ஜெம்பே மேளத்தின் தோலில் தன்பாட்டுக்கு விழுந்துகொண்டிருந்தன. கண்கள் மட்டும் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியை விட்டு நகரவில்லை. சுகந்தியின் கண்களோ இடது மூலைக்குப் போய்ப் போய் வந்தன.

இடது மூலையில் வேந்தன் நின்றிருந்தான்.

பேக்கரிக்காரன். மற்ற பதினான்கு பேரும் அந்த ஆப்பிரிக்க மேளத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வெறுங்கையால் தட்ட, அவன் மட்டும் பெரிய டிரம்முக்கு முன்னால் நின்றுகொண்டு குச்சியால் அடிப்பான். அதிலேயே ஒரு திமிர் இருப்பதாக இவனுக்குப் பட்டது.

எல்லாம் ரொட்டியில்தான் ஆரம்பித்தது.

ஜூன் மாதம் சுகந்தி இந்த வகுப்பில் சேர்ந்தாள். புதுச்சேரிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு மொட்டை மாடி. சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ரொட்டி வர ஆரம்பித்தது. நல்ல ரொட்டி. மொறுமொறுவென்று இருக்கும். அவன்தான் அதிகம் தின்றான். தின்றுகொண்டே சந்தேகப்பட்டான்.

பிறகு அவள் தட்டத் தொடங்கினாள். சமையல் மேடையில், ஃபிரிட்ஜ் கதவில், பஸ் ஜன்னல் கம்பியில். பதினாறு வருஷத்தில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்காதவள். உள்ளங்கை சிவந்து வீங்கி வருவாள். வலிக்கிறதா என்று கேட்டால் சிரிப்பாள்.

வலிக்கும்போது யாராவது சிரிப்பார்களா?

நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் உஷாராகிவிடுவாள். கையும் களவுமாகப் பிடிப்பதென்று முடிவுகட்டி, ஆகஸ்டில் அவனும் போய்ச் சேர்ந்துகொண்டான்.

அன்றைக்கு அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். "நெசமாவே வர்றீங்களா?" என்று மூன்று தடவை கேட்டாள். அவளே அவனுக்கு நகம் வெட்டிவிட்டாள். மோதிரத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டாள். மோதிரம் தோலைக் கிழித்துவிடுமாம்.

குற்றம் செய்கிற மனசு இப்படித்தான் குழையும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

இதில் வேடிக்கை, அவனுக்கும் கொஞ்சம் வந்துவிட்டது. நடுத்தோலில் அடித்தால் வயிறு வரைக்கும் அதிர்ந்தது. ஓரத்தில் தட்டினால் கணீரென்றது. சில நேரம் அது பிடித்துக்கூட இருந்தது. உளவு பார்க்க வந்த இடத்தில் அதெல்லாம் எதற்கு என்று உடனே அடக்கிக்கொள்வான்.

பன்னிரண்டாவது தடவை பார்த்தாள்.

இந்தத் தடவை வேந்தன் தலையை ஆட்டினான். லேசாகத்தான். சுகந்தியும் ஆட்டினாள்.

அதையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

அப்போதுதான் செலின் அப்பேல் அடித்தாள். அவள்தான் ஆசிரியை. ஆப்பிரிக்காவில் டக்கார் நகரத்தில் ஆறு வருஷம் இருந்து கற்றுக்கொண்டு வந்தவள். பிரெஞ்சில் அப்பேல் என்றால் கூப்பிடுவது. படபடவென்று ஒரு சின்ன அடி. தாளம் தொடங்கவும் அதுதான், நிறுத்தவும் அதுதான். காதில் விழுந்ததும் எல்லாக் கைகளும் ஒன்றாக நின்றுவிட வேண்டும்.

நின்றன.

அவன் கைகளைத் தவிர.

தகரக் கூரையின் கீழ் ஒற்றை ஜெம்பே தனியாக ஓடியது. நாலைந்து அடி போன பிறகுதான் அது தன்னுடையது என்று அவனுக்கு உறைத்தது.

"சார், அப்பேல் காதுல விழலையா?" என்றாள் செலின். "எங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"வேற எங்க, வீட்டம்மாவத்தான்" என்றான் வேந்தன்.

மாடியே சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். சுகந்தியும் சிரித்தாள். வெட்கம் தாங்காமல் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

அவனும் சிரித்திருக்கலாம். சிரித்திருந்தால் பிழைத்திருப்பான்.

அவனோ வேந்தனை முறைத்தான். பிறகு சுகந்தியைப் பார்த்தான். மறுபடி வேந்தனைப் பார்த்தான்.

விரல் இடுக்கு வழியாக அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

கைகளை முகத்திலிருந்து இறக்கினாள். சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. எங்கே போவதென்று தெரியாமல் சற்று நின்று, பிறகு போய்விட்டது.



செலின் மறுபடி அப்பேல் அடித்தாள். தாளம் தொடங்கியது.

இப்போது சுகந்தி யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடித்தாள். பதிமூன்றாவது தடவைக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை.

முதல் சுற்று சரியாக வந்தது. இரண்டாவதில் அவள் கை தடுமாறியது. மூன்றாவதில் அவள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்றாகிவிட்டது. அவன் வந்து சேர்ந்ததிலிருந்து அவள் அடி பிசகிப் பார்த்ததில்லை.

"என்ன சுகந்தி?" செலின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினாள். "மொத நாளே சொல்லிக்குடுத்தேனே. அடி தவறுற மாதிரி இருந்தா பெரிய டிரம்மப் பாருங்க. வேந்தன் குச்சி எங்க விழுதுன்னு பாருங்க."

முதல் நாள். ஜூனில். அவன் அப்போது சேர்ந்திருக்கவில்லை.

அவன் கைகள் தோலின் மேல் அப்படியே நின்றன.

"நிமிருங்க சுகந்தி. அங்க பாருங்க."

பாரேன் என்று அவன் மனசு கெஞ்சியது. ஒரே ஒரு தடவை பார்த்துவிடேன்.

அவள் நிமிரவில்லை. தப்புத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தாள்.