பூஜ்யம்

பதினான்கு மாடிக் கட்டடம் வெளிவிடும் கரியமில வாயுவை அளந்து குறைப்பது பூங்கோதையின் வேலை. இன்று பூஜ்யத்தைத் தொட்டால் விழா. வாசலில் பந்தல் போட்டு, மீட்டரின் எண்ணைக் காட்ட பேட்டரியில் ஓடும் பெரிய திரையும் வைத்திருந்தார்கள். அவள் உச்சிமாடி வரை ஏறி, ஒவ்வொரு விளக்காக அணைத்துவிட்டாள். கையிலிருந்த மீட்டர் ஒன்றிலேயே நின்றது.

“மெயினையே இறக்கிட்டேன் மேடம்,” என்றார் போனில் எலக்ட்ரீஷியன் செபஸ்தியான். “எல்லாரும் பந்தலுக்கு வந்தாச்சு. உள்ள நீங்க மட்டும்தான்.”

ஆளில்லாத நாற்காலிகளின்மேல் வெயில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தது. பூங்கோதை பெருமூச்சு விட்டாள். மீட்டர் இரண்டானது. வந்த சிரிப்பை அடக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எண் மெல்லக் கரைந்தது. கீழே கைதட்டல் கேட்டது.

“பூஜ்யம் வந்திருச்சு மேடம்! அப்படியே வச்சிருங்க. சேர்மன் வீட்லேர்ந்து கிளம்பிட்டாராம்.”