ஆளுயரப் புல்

“இன்னும் வேகமா இழு புள்ள!”

“இழுத்து இழுத்துக் கையே கழண்டு போச்சுங்க. முக்கவும் மாட்டேங்குது, முனகவும் மாட்டேங்குது.”

நாமகிரி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்த கூடையின்மேல் வைத்திருந்தாள். எதிரே களத்தில் புல் வெட்டும் மெஷின் கிடந்தது. வாங்கி ஒரு வருடம் ஆகியும், அவள் அதைத் தொடுவது இன்றுதான் முதல்முறை.

காலையில் உரம் வாங்கச் செம்மேட்டுக்குக் கிளம்பிப் போன கணவன் கவியரசன், மத்தியானம் திடீரென்று போன் செய்தான். ரோட்டுக்குப் போகும் குறுக்குத் தடத்தில் புல்லை வெட்ட வேண்டுமாம். அதுவும் இப்போதே.

“உலை கொதிக்குதுங்க. நீங்க வந்து வெட்டுனா ஆகாதா?”

“சொன்னதச் செய். எம் போன்ல எட்டு பர்சென்ட்தான் சார்ஜ் இருக்குது.”

“அருவாளெடுத்து நாலு அறுப்பு அறுத்துட்டு வந்தர்றேன்.”

“வேண்டாம்!” கத்தியேவிட்டான். “ஆளுயரம் நிக்குது. குனிஞ்சு அறுத்துக்கிட்டே போனா முன்னால என்ன இருக்குதுன்னு தெரியாது. மேலூட்டுச் செங்கோடண்ணன் இருக்காரா?”

“எல்லாரும் சந்தைக்குப் போயிட்டாங்க.”



“சரி. கைப்பிடியில செவப்பு சுவிட்சு எந்தப் பக்கம் இருக்குது?”

“கீழங்க.”

“மேல தள்ளு. அது கீழ இருந்தா பிளக்குக்குக் கரண்டே போவாது.”

தள்ளிவிட்டு இழுத்தாள். மெஷின் ஒரே ஒருமுறை இருமியது. அடுத்த பத்து இழுப்புக்கும் ஊமையாகிவிட்டது.

“பெட்ரோல் வாசம் குப்புனு அடிக்குதுங்க.”

“சோக்கை மூடியே இழுத்துட்ட. உள்ள பெட்ரோல் ரொம்பிப்போச்சு. பிளக்கைக் கழட்டோணும். ஸ்பேனர் கொட்டாயில ஆணியில தொங்குது. ஓடாத, நடந்து போ.”

நாமகிரி ஓடித்தான் போய் எடுத்துவந்தாள். மறை இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் நெம்பியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

“வந்துருச்சுங்க. கருகருன்னு, ஈரமா இருக்குது.”

“துணியில தொடச்சுட்டுக் கரியைக் கத்தி முனையில சொரண்டு. சோக்கைத் தொறந்து வெச்சுட்டு, பிளக் இல்லாமயே அஞ்சாறு தடவ கயித்த இழு. உள்ள இருக்கற பெட்ரோல் வெளிய வந்துரும்.”

வரிக்கு வரி மூச்சு வாங்கினான்.

“ஏனுங்க, ஒரு மாதிரியா பேசறீங்க?”

“வெயிலு. நீ இழு.”

ரோட்டு வளைவில் ஒரு மணி பஸ் நீளமாக ஹாரன் அடித்தது. கைபேசிக்குள்ளும் ஒரு ஹாரன் நீளமாக ஒலித்தது. செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறான்போல என்று நினைத்துக்கொண்டாள்.

பிளக்கைத் திருப்பி மாட்டி, அதன் தலையில் தொப்பியைச் செருகினாள். லொடலொடவென்று ஆடியது.

“தொப்பி ஆடுதுங்க.”

“அதுதான் கோளாறு! ‘டக்’குனு சத்தம் கேக்கற வரைக்கும் அமுக்கு. நாலு பர்சென்ட் ஆயிருச்சு புள்ள.”

அந்தக் குரலில் இருந்த கெஞ்சல் அவளைப் பயமுறுத்தியது. கல்யாணமான ஆறு வருடத்தில் அவன் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொப்பியை அமுக்கினாள். டக்.

காலால் மெஷினை மிதித்துக்கொண்டு ஒரே இழுப்பு. வெள்ளைப் புகை கக்கி, இஞ்சின் அலறிக்கொண்டு கிளம்பியது. கோழிகள் சிதறி ஓடின.

வேகத்தைக் குறைத்துவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்தாள். “ஓடுதுங்க! ஓடுது!”

“கேக்குது சாமி, கேக்குது. பெல்ட்டைத் தோள்ல மாட்டிக்கிட்டு, தடத்துல எறங்கு. ஒரு வீச்சு வெட்டு. தரையக் கண்ணால பாரு. அப்புறம் ஒரு அடி வை. பாக்காம ஒரு அடிகூட வெக்காத. என்ன நடந்தாலும் ஓடக் கூடாது. எம்மேல சத்தியம் பண்ணு.”

“சத்தியமுங்க. எதுக்கு இப்பிடிப் பயப்படுத்தறீங்க? தடத்துல பாம்பு கீம்பு கெடக்குதா?”

“பாம்பில்ல புள்ள, மூடாத பழைய கல்லுக்குழி. திரும்பி வர்றப்ப விழுந்து, உள்ள நாந்தான் கால் ஒடிஞ்சு கெடக்கறேன்.”