மிளகுக் கரைக்குக் கிழக்கே

அவள் காயைப் பல்லால் உடைத்தாள்.

ஏலக்காயின் சாயல். ஆனால் பேரீச்சம்பழ அளவு. உள்ளே மிளகைவிடச் சிறிய பழுப்பு விதைகள். ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

கடித்தான். முதலில் ஏல வாசம். பிறகு நாக்கு பற்றிக்கொண்டது.

நைஜீரியாவின் படகிரியில், கடலைப் பார்த்த வீடு அது. இழுவைக் கப்பலில் அவனோடு வேலை பார்க்கும் அகினின் வீடு. விதை கொடுத்தவள் அகினின் அக்கா. அகினின் மகளுக்கு இன்று எட்டாம் நாள். பெயர் வைக்கும் நாள்.

இதற்கு முன் பிறந்த இரண்டும் எட்டாம் நாளைப் பார்க்கவில்லை.

பெயரில்லாமலே போயின.

அகின் அவனருகே வந்து நின்றான்.

“இந்த விதைக்காகத்தான் கப்பல்காரங்க வந்தாங்க. மேற்கே இது விளையுற கரை மொத்தத்துக்கும் மிளகுக் கரைன்னே பேரு வச்சுட்டாங்க. அடுத்தது தந்தக் கரை. அதுக்கடுத்தது பொன் கரை.”

அத்தோடு நிறுத்திக்கொண்டான்.

நான்காவது பெயர் அவனுக்கும் தெரியும். துறைமுக அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த பழைய வரைபடத்தில் படித்திருக்கிறான்.

அடிமைக் கரை.

அவர்கள் நின்றிருந்த மண்.

அக்கா விதைகளை மென்றாள். மென்றதை விரல்நுனியில் எடுத்துக் குழந்தையின் உதட்டில் தடவினாள்.

சின்ன முகம் சுருங்கியது. வீட்டில் ஒருவரும் மூச்சு விடவில்லை.

வீறிட்டது.

அவ்வளவு சிறிய உடம்பில் இவ்வளவு பெரிய குரலா! தாய் மொரெனிகே அழுதுகொண்டே சிரித்தாள்.

அகின் ஒரு பெயர் சொன்னான். மொரெனிகே ஒன்று சொன்னாள். வந்தவர்களும் ஆளுக்கொரு பெயர் கொடுக்கலாம். அங்கே அது வழக்கம்.

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

தயாராக வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான்.

“முத்து.”

“அப்படின்னா?”

“எங்க ஊர்க் கடல்ல, சிப்பிக்குள்ள இருக்கும். எங்க கரைக்கே அதுதான் பேரு, முத்துக்குளித்துறைன்னு. அதைத் தேடியும் கப்பல் வந்துச்சு.”

“இப்பவும் கிடைக்குதா?”

“இல்லக்கா. எல்லாம் போயிருச்சு. பேரு மட்டும் நிக்குது.”

அவள் குழந்தையைத் தூக்கி, அதன் காதில் அந்தப் பெயரை மூன்று முறை சொன்னாள். அவன் அதுவரை கேட்டிராத ராகத்தில்.

“இவ எங்கயும் போகமாட்டா” என்றாள்.